அழுகை என்னும் மெய்ப்பாடும் அனிமே பார்வையாளரும்: ‘கிளனாட்’ தொடரை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பள்ளிக் காதலைப் பொருளாகக் கொண்ட ஜப்பானிய அனிமேத் தொடர்கள் இளையோரிடையே பெற்றுள்ள செல்வாக்கு யாவரும் அறிந்ததே. அவற்றைக் கண்டு அழுததாகப் பார்வையாளர் வெளிப்படையாகக் கூறுவதும் இன்று இயல்பாகிவிட்டது. அவ்வழுகையை முதிர்ச்சியின்மை என ஒதுக்குவோர் ஆசிரியரிடையேயும் உளர். எனினும், ஒரு படைப்பு யாரை, எவ்விடத்தில், எதனால் அழவைக்கிறது என்பது இலக்கிய ஆய்வுக்கு உரிய வினாவே ஆகும். உள்ளத்துணர்வு மெய்யின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்த மரபு நம்முடையது. இக்கட்டுரை ‘கிளனாட்’ என்னும் தொடருக்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினைகளை அம்மரபின் துணைகொண்டு விளக்க முற்படுகிறது. காதல் கதையாகத் தொடங்கும் இத்தொடர், பெற்றோர் பட்ட பாட்டைக் காலந்தாழ்ந்து உணரும் இடத்திலேயே பார்வையாளரை மிகுதியும் கலங்கச் செய்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொடரின் தோற்றம்

‘கிளனாட்’ முதலில் கணினி விளையாட்டாக, 2004ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ‘கீ’ நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. படங்களோடும் இசையோடும் கதையைப் படித்துச் சென்று, ஆங்காங்கே முடிவெடுக்கும் வகையிலான விளையாட்டு இது. இவ்வகையுள் பார்வையாளரை அழவைப்பதையே நோக்கமாகக் கொண்டவற்றை ஜப்பானியர் ‘நக்கிகே’ என்பர். ‘அழவைக்கும் விளையாட்டு’ என்பது அதன் பொருள். இந்நிறுவனம் முன்னரே வெளியிட்ட ‘கனோன்’ (1999), ‘ஏர்’ (2000) ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தனவே.

கியோத்தோ அனிமேஷன் நிறுவனம், இஷிஹாரா தத்சுயாவின் இயக்கத்தில் இதனைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. முதல் தொடர் 2007 அக்டோபரில் தொடங்கியது. ‘ஆஃப்டர் ஸ்டோரி’ என்னும் இரண்டாம் தொடர் 2008 அக்டோபரில் தொடங்கி 2009 மார்ச்சில் நிறைவுற்றது.

கதைப்போக்கு

கதைத்தலைவன் ஒகாசாகி தொமோயா உயர்நிலைப்பள்ளி இறுதியாண்டு மாணவன். சிறுவயதிலேயே தாயை விபத்தில் இழந்தவன். தந்தை நவோயுகியோடு ஏற்பட்ட சச்சரவில் வலத்தோள் காயமுற்றதால் கூடைப்பந்தாட்டத்தையும் கைவிட்டவன். அந்நிகழ்வுக்குப்பின் தந்தை அவனைத் ‘தொமோயா-குன்’ என அயலார் பிள்ளையை அழைப்பதுபோல் விளிக்கத் தொடங்குகிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், அவ்விளியை அவனால் தாங்க இயலவில்லை.

பள்ளிக்குச் செல்லும் மேட்டுப்பாதையில் அவன் சந்திக்கும் ஃபுருகாவா நாகிசா, நோயினால் ஓராண்டை இழந்து மீண்டும் அதே வகுப்பில் பயில்பவள். அவளுடைய நாடக மன்றத்திற்கு அவன் உயிரூட்ட உதவுகிறான். முதல் தொடர் அவர்களது காதலோடு முடிகிறது.

பள்ளிக் காதல் தொடர்களுள் பெரும்பாலானவை இவ்விடத்திலேயே நின்றுவிடும். ‘கிளனாட்’ அவ்வாறு நிற்கவில்லை. இரண்டாம் தொடரில் தொமோயா மின்பணியாளனாகிறான், நாகிசாவை மணக்கிறான். பனி பொழியும் நாளொன்றில் உஷியோ என்னும் மகளைப் பெற்றுவிட்டு நாகிசா இறக்கிறாள். மனைவியை இழந்த தொமோயா, மகளை அவளுடைய தாய்வழிப் பாட்டன் பாட்டியாகிய அக்கியோ, சனாயே இணையரிடம் விட்டுவிட்டு, வேலையிலும் மதுவிலும் ஐந்தாண்டுகளைக் கழிக்கிறான்.

அழுகை நிகழும் இடம்

நாகிசா இறப்பது இரண்டாம் தொடரின் 16ஆம் பகுதியில். ஆயினும் இத்தொடரைக் கண்டவர் பலர், தம்மை மிகுதியும் கலங்கச் செய்ததாகக் குறிப்பிடுவது 18ஆம் பகுதியையே. இப்பகுதியில் இறப்பு எதுவும் நிகழ்வதில்லை என்பது கருதத்தக்கது.

இப்பகுதியில் தந்தையும் ஐந்து வயது மகளும் முதன்முறையாகச் சேர்ந்து பயணம் செய்கின்றனர். வழியில் தந்தை வாங்கித்தந்த பொம்மையை உஷியோ மலர்வெளியில் தொலைத்துவிடுகிறாள். வேறொன்று வாங்கித்தருவதாகத் தந்தை கூறியும் அவள் தேடுவதை நிறுத்தவில்லை. தந்தை தனக்கெனத் தேர்ந்து வாங்கிய முதற்பொருள் அதுவே என்பதுதான் காரணம். அதே ஊரில் தொமோயா தன் தந்தைவழிப் பாட்டி ஷினோவைச் சந்திக்கிறான். மனைவியை இழந்த நவோயுகி, தன் வாழ்வின் அனைத்தையும் விட்டுக்கொடுத்து மகனைத் தனியாளாய் வளர்த்த வரலாற்றை அவர் கூறுகிறார். தான் வெறுத்த தந்தை செய்ததைக்கூடத் தன்னால் செய்ய இயலவில்லை என்பதைத் தொமோயா அப்போதே உணர்கிறான். மகளிடம் திரும்பி வரும்போது, கழிவறையிலும் அப்பாவின் அணைப்பிலும் மட்டுமே அழலாம் எனப் பாட்டி சொல்லியிருப்பதாகக் குழந்தை கூறுகிறாள். அதுவரை அவளுக்கு இரண்டாவது இடம் வாய்த்ததில்லை.

நால்வகை நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. பேராசிரியர் உரையின்படி, பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. சுற்றத்தையும் இன்பத்தையும் இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு. பற்றுள்ளம் இருந்தும் நுகரப் பெறாமை வறுமை.

இந்நான்கும் ‘கிளனாட்’ தொடரில் காணப்படுகின்றன. உடன் பயின்றோர் அனைவரும் சென்றுவிட, நாகிசா தனித்து நிற்பது இளிவு. அவளது மறைவு இழவு. தான் வெறுத்த தந்தையின் நிலைக்கே தொமோயா தாழ்வது அசைவு. தந்தை உயிரோடிருந்தும் அவன் அன்பைப் பெறாத உஷியோவின் நிலை வறுமை. 16ஆம் பகுதி இழவு ஒன்றனையே முதன்மையாகக் கொண்டது. 18ஆம் பகுதியிலோ அசைவும் வறுமையும் எதிரெதிரே நின்று, ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. அப்பகுதியின் ஆற்றலுக்கு இதுவே காரணம் எனலாம்.

பேராசிரியர் அழுகையை இருவகைப்படுத்துவதும் இங்குப் பொருந்தும். தானே அவலித்தல் ஒன்று. பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. நாகிசாவுக்காக அழும் பார்வையாளர் பிறர் அவலம் கண்டு அழுகின்றார். ஷினோவின் சொற்களைக் கேட்கும்போதோ, அதுவரை நவோயுகியைத் தொமோயாவோடு சேர்ந்து வெறுத்துவந்த அவர், தம் பெற்றோரை நினைக்க நேர்கிறது. அவ்விடத்தில் பிறர்க்கான அழுகை தமக்கான அழுகையாக மாறுகிறது. ஜப்பானியச் சுவைஞரிடையே பரவலாக வழங்கும் ‘கிளனாட் என்பது வாழ்க்கை’ என்னும் தொடரை இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டும். அத்தொடர் பிற்காலத்தில் நகைப்புக்கும் உரியதாயிற்று என்பது உண்மையே. எனினும், ‘காதல்’ என்னாது ‘வாழ்க்கை’ என்ற சொல்லை அவர்கள் தேர்ந்துகொண்டது பொருளுடையது.

எதிர்க்கருத்துகள்

இத்தொடர் வலிந்து அழவைக்கிறது என்பது ஒரு சாராரின் குற்றச்சாட்டு. நோயுற்ற பெண், பனி, உரிய நேரத்தில் ஒலிக்கும் இசை ஆகியவற்றை அவர்கள் சான்றாகக் காட்டுவர். இக்குற்றச்சாட்டு முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. உஷியோவும் தாயின் நோயையே பெற்றுப் பனியில் உயிர்துறக்கும் 21ஆம் பகுதிக்கு இது பெரிதும் பொருந்தும். ஆயின் 18ஆம் பகுதியின் அழுகைக்கு, முதல் தொடரின் தொடக்கம் முதலே தந்தை–மகன் உறவு அடித்தளமிட்டுள்ளது.

முடிவு குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. 22ஆம் பகுதியில் காலம் பின்னோக்கித் திரும்பி, நாகிசா உயிர்பிழைத்துக் குடும்பம் ஒன்றுகூடுகிறது. இதனை ஏமாற்று எனச் சிலரும், துன்பத்திற்குக் கிடைத்த பேறு எனச் சிலரும் கொள்வர். இவ்வேறுபாட்டிற்கு ஊடக மாற்றம் ஒரு காரணமாகும். விளையாட்டில், பிற கதைமாந்தரின் துயரை ஒவ்வொன்றாகத் தீர்ப்பவர்க்கே ஒளியுருண்டைகள் கிட்டும்; அவற்றைச் சேர்த்த பின்னரே இம்முடிவு திறக்கும். அங்கு மகிழ்ச்சி உழைப்பின் பயனாக அமைகிறது. தொலைக்காட்சியில் ஃபூக்கோ, கொத்தோமி முதலியோரின் கதைகள் இடம்பெறினும், பார்வையாளர் உழைத்துச் சேர்ப்பது ஒன்றுமில்லை. ஆதலின் அதே முடிவு அவர்க்குத் திடீரென வந்ததாகத் தோன்றுகிறது.

வகுப்பறைப் பயன்பாடு

மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் ஆசிரியர், எட்டு மெய்ப்பாடுகளின் பெயரையும் முப்பத்திரண்டு நிலைக்களன்களையும் மாணவர் மனனம் செய்வதோடு நிறைவடைய வேண்டிய நிலையை அறிவர். அம்மாணவருள் சிலர் முந்தைய இரவு ஓர் அனிமேயைக் கண்டு அழுதவராக இருக்கக்கூடும். எந்தக் காட்சியில் அழுதாய், அஃது இழவா வறுமையா, யாருக்காக அழுதாய் என அவரை வினவினால், நூற்பா அவர்தம் பட்டறிவோடு இணையும். அவ்வழுகையை நகைத்து ஒதுக்கினால், மெய்ப்பாட்டைக் கற்பிப்பதற்குரிய வாய்ப்பை நாமே இழந்தவராவோம். தான் உணர்ந்தது இலக்கியத்திற்குப் புறம்பானது என மாணவரும் எண்ணிவிடுவர்.

முடிவுரை

‘கிளனாட்’ தொடருக்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினைகள் மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. இறப்பைவிட, மறுக்கப்பட்ட அன்பு திரும்பக் கிடைக்கும் தருணம் மிகுதியும் அழவைக்கிறது. ஊடகம் மாறும்போது ஒரே முடிவின் பொருளும் மாறுகிறது. பிறர்க்காகத் தொடங்கும் அழுகை, படைப்பு உரிய இடத்தை அடையும்போது தமக்கான அழுகையாகிறது. பள்ளி மாணவராய் இருக்கையில் தொமோயாவின் பக்கம் நின்று இத்தொடரைக் கண்டவர், தாமும் பெற்றோரான பின் மீண்டும் காண்பாராயின், நவோயுகியின் பக்கமும் சிறிது நேரம் நிற்கக்கூடும்.