குடம்புளிக்குள் நடக்கும் வேதியியல்

இடுக்கி மலையோரத் தோட்டங்களில் குடம்புளி பழுப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். சின்னப் பூசணி போல வரிவரியாகக் கோடு விழுந்த மஞ்சள் பழம். விதையை நீக்கி, தோலைச் சுளை சுளையாகப் பிரித்து, வெயில் அடித்தால் வெயிலிலும் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே புகையிலும் காயவைக்கிறார்கள். கறுத்துச் சுருங்கியதும் உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி எடுத்துவைத்தால் நெடுநாள் கெடாது.

அதை ஊறவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்கும். பள்ளி ஆய்வகத்தில் கார்பாக்சிலிக் அமிலத்தை அடையாளம் காணச் செய்யும் சோதனையும் இதுதான். ஒரு கார்பன், அதோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், ஒற்றைப் பிணைப்பில் ஒரு ஹைட்ராக்சில்: இந்தச் சேர்க்கைக்குக் கார்பாக்சில் தொகுதி என்று பெயர். இதிலுள்ள ஹைட்ரஜன் அயனியாகக் கழன்று சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கிளப்புகிறது. அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் உலோகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உப்பாக்கிவிடும். குடம்புளி மீன் குழம்புக்கு மண்சட்டி பொருத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய அமிலம் உருவாகும் எளிய வழியைப் பாலக்காட்டில் பார்க்கலாம். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது சித்தூர் வட்டாரத் தென்னந்தோப்புகளிலிருந்து. பாளையில் வடியும் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாக்கும். கள்ளை அப்படியே திறந்து வைத்தால் அசிட்டோபாக்டர் பாக்டீரியா காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு எத்தனாலை அசிட்டால்டிஹைடாகவும், அதை அசிட்டிக் அமிலமாகவும் மாற்றும். கள் காடியாகிவிடும். ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே வரிசை. ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் செய்கிற வேலையை இங்கே நுண்ணுயிர் செய்கிறது.

குடம்புளியின் அமிலம் இவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் என்றே முன்பு எண்ணியிருந்தார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒய்.எஸ். லூயிஸ், எஸ். நீலகண்டன் இருவரும் அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று 1965-இல் நிறுவினார்கள். சிட்ரிக் அமிலத்தைப் போலவே இதிலும் மூன்று கார்பாக்சில் தொகுதிகள். கூடுதலாக ஒரே ஒரு ஹைட்ராக்சில்.

அந்த ஒன்றுதான் எல்லா வித்தியாசத்துக்கும் காரணம். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நீர் பிரிந்து எஸ்டர் உண்டாகும். இங்கே அந்தக் கூடுதல் ஹைட்ராக்சிலும் ஒரு கார்பாக்சிலும் ஒரே மூலக்கூறில், இணைவதற்கு ஏற்ற தொலைவில் இருப்பதால், அது தனக்குள்ளேயே வளைந்து இணைந்து லாக்டோன் என்ற வளையமாகிவிடுகிறது. உலர்த்தும்போதும் காய்ச்சும்போதும் இது நடக்கும். காரம் சேர்த்தால் வளையம் திறந்து உப்பாகும். எடையைக் குறைக்கும் என்று கடைகளில் விற்கும், குடம்புளிச் சாறு அடங்கிய ‘கார்சீனியா’ கேப்சூல்களில் கால்சியம், பொட்டாசியம் உப்புகள் இருப்பது இதனால்தான்.

கேப்சூல் வியாபாரத்துக்கு ஓர் அறிவியல் தொடக்கம் உண்டு. உடல் கொழுப்பு அமிலங்களைக் கட்டுவதற்கு, ஒரு நொதி சிட்ரேட்டைப் பிளந்து மூலப்பொருள் தரவேண்டும். ஹைட்ராக்சிசிட்ரேட் சிட்ரேட்டின் சாயலில் இருப்பதால் அந்த நொதியில் போய் உட்கார்ந்து வேலையை முடக்கும் என்று 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். கொழுப்பு அமிலங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களே. அவை உருவாவதை இன்னொரு கார்பாக்சிலிக் அமிலம் தடுக்கிறது!

சோதனைக் குழாயில் சரி, மனித உடலில்? உடல் பருமன் கொண்ட 135 பேரிடம் 12 வாரம் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் எடை குறைந்ததில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பின்னாளில், இந்தச் சாறு கலந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவானது.

குழம்பில் போடும் இரண்டு சுளை வேறு, செறிவூட்டிய சாற்றை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. எடை குறைக்கக் கேப்சூல் வாங்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.