முதுகே தொட்டில்

"பத்து மாதம் சுமந்து பெற்றேனே!" என்பது நம் தாய்மார் வாயில் அடிக்கடி கேட்கும் சொல். பிள்ளை சொற்கேளாதபோது மனத்தாங்கலோடும், பிள்ளை சிறந்து விளங்கும்போது பெருமையோடும் அச்சொல் எழும். சுமத்தலுக்கு ஓர் எல்லை உண்டு, அது பத்தாம் மாதம் என்பதே அதில் அடங்கிய பொருள். பிறந்த பின்னர்ப் பிள்ளை தூளிக்கும் பாட்டியின் மடிக்கும் உரியதாகிவிடுகிறது. தாயின் இடுப்பு அதற்கு இடையிடையே கிடைக்கும் இடம்தான். ஆனால் சுமத்தல் பேற்றோடு முடிவதில்லை, அதன் பின்னும் ஓராண்டோ ஈராண்டோ தொடரவேண்டும் எனக் கொண்டு வாழும் மக்களும் இவ்வுலகில் உள்ளனர். அவர்களுக்கு முதுகே தொட்டில். கையால் நெய்த துணியே தொட்டிற் கயிறு. அத்தகையோருள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்களைப் பற்றி ஈண்டுச் சிறிது காண்போம்.

மலையும் மக்களும்

பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் ஊடே ஆண்டிஸ் மலைத்தொடர் செல்கின்றது. அங்கே கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் பரந்த மேட்டுநிலம் ஒன்று உண்டு. நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால், அவ்வுயரம் எத்தகையது என்பது விளங்கும். 4,000 மீட்டர் உயரத்தை எட்டும்போது காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி பெய்யும், காற்றோ ஈரப்பசையற்றது. இத்தகைய இடத்தில்தான் கெச்சுவா, ஐமாரா மொழிகளைப் பேசும் உழவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டும், ஆடு, லாமா, அல்பாக்கா முதலிய கால்நடைகளை மேய்த்தும் வாழ்ந்து வருகின்றனர்.

மேய்ச்சல் நிலத்திற்கும் வயலுக்கும் சந்தைக்கும் தாய் நெடுந்தொலைவு நடக்கவேண்டும். கைக்குழந்தையை வீட்டில் விட்டுச்செல்ல இயலாது. இடுப்பில் ஏந்தினால் ஒரு கை பிள்ளைக்குப் போய்விடும்; மலைச்சரிவில் இரு கைகளும் வேண்டும். ஆகவே அவள் ஒரு சதுரத் துணியை விரித்து, பிள்ளையை அதில் கிடத்தி, முன்னே குனிந்து அதனை முதுகின்மேல் ஏற்றிக்கொள்கிறாள். பின்னர்த் துணியின் முனைகளை மார்புக்கு முன்னே கொணர்ந்து இறுக முடிகிறாள். பெரு நாட்டில் இத்துணியை ஸ்பானியச் சொல்லால் 'மாந்தா' என்பர். ஐமாரா மொழியில் அது 'அவாயு'. முடிச்சு விழுந்ததும் கைகள் இரண்டும் விடுதலை பெறுகின்றன. அக்கைகள் சும்மா இருப்பதும் இல்லை. நடந்துகொண்டே தக்களியில் கம்பளி நூல் நூற்கும் பெண்களை அம்மலைப்பாதைகளில் காணலாம்.

துணி பிறக்கும் விதம்

அந்த நூலே பின்னர்த் துணியாகிறது. தரையில் நான்கு முளைகளை அடித்து அவற்றிடையே பாவு கட்டி நெய்வது ஒரு முறை. பாவின் ஒரு முனையை மரத்திலோ கம்பத்திலோ கட்டி, மறுமுனையை நெசவாளியின் இடுப்பைச் சுற்றிய பட்டையில் பிணைத்து நெய்வது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் நெசவாளியின் உடலே தறியின் ஓர் உறுப்பு. அவள் பின்னே சாய்ந்தால் பாவு இறுகும், முன்னே வந்தால் தளரும்.

இத்துணியைத் தறியினின்று வெட்டி எடுப்பதில்லை. நான்கு பக்கமும் கரை முற்றுப்பெறும்படி நெய்து முடிக்கின்றனர். அவ்வாறு நெய்த இரு பாதிகளை நடுவில் இணைத்துத் தைத்தால் ஒரு மாந்தா ஆகிறது. வெட்டுவாய் இல்லாத துணி எளிதில் பிரியாது. பல்லாண்டு பாரம் தாங்கும். சிவப்புச் சாயத்தைச் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியிலிருந்து எடுப்பது அவர்தம் பழைய வழக்கம். இன்று சந்தையில் இயந்திரத்தில் நெய்த செயற்கை இழைத் துணிகளும் மலிந்துள்ளன. அவற்றிலும் பிள்ளைகள் உறங்கத்தான் செய்கின்றன. எனினும் கைநெசவு மறையவில்லை. டிட்டிகாக்கா ஏரியின் நடுவே உள்ள டக்கிலே தீவின் நெசவுக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இன்று பிள்ளையைச் சுமக்கும் துணி நாளை உருளைக்கிழங்கைச் சுமக்கும். மறுநாள் விறகைச் சுமக்கும். பிள்ளைக்கெனத் தனிப்பொருள் வாங்க வேண்டுவதில்லை. வீட்டின் உழைப்புக்கு உரிய துணியே வீட்டின் குழந்தைக்கும் உரியது. பிள்ளை வேலைக்கு இடையூறாக ஒதுக்கப்படவில்லை. வேலையின் நடுவிலேயே அதற்கு இடம் கிடைக்கிறது.

துணிக்குள் ஒரு சிற்றறை

நாகரிகம் அறியாத மக்களின் வழக்கம் என்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். அவர்கள் ஓர் ஆராய்ச்சியை அறிதல் நலம். எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர்தம் துணை ஆய்வாளர்களும் பெரு நாட்டு மலைமக்களின் மாந்தாவை ஆராய்ந்து 1994-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல துணிகளால் பொதிந்து முதுகில் கட்டப்பட்ட குழந்தையைச் சூழ்ந்துள்ள காற்று வெளிக்காற்றைவிட வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தது. அவ்வெப்பம் ஏறி இறங்காமல் ஒரு சீராகவும் நின்றது.

ஆனால் வியப்பூட்டும் செய்தி ஒன்றும் கிடைத்தது. வெளியே ஏற்கெனவே குறைந்துள்ள பிராணவாயு அப்பொதிக்குள் இன்னும் சற்றுக் குறைவாகவே இருந்தது. இது தீங்கன்றோ என நாம் வினவலாம். வெதுவெதுப்பும் அமைதியும் சேர்ந்து குழந்தையை நெடுநேரம் உறங்கச் செய்கின்றன. குளிரை எதிர்த்துப் போராடுவதில் செலவாகவேண்டிய ஆற்றல் வளர்ச்சிக்கு மிஞ்சுகிறது என்பதே அவ்வறிஞர்களின் கருத்து. குழந்தை வளர வளரத் தாய் துணியைப் படிப்படியாகத் தளர்த்தி வெளியுலகை உள்ளே விடுகிறாள் என்பதையும் அவர்கள் கண்டனர். எந்நாளில் எவ்வளவு தளர்த்துவது என்பதை அவளுக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. தன் தாயிடமிருந்து கற்றாள்.

தூக்கினால் கெட்டுப்போகுமா?

"எந்நேரமும் தூக்கி வைத்திராதே, கைப்பழக்கம் ஆகிவிடும்" என்று நம் வீடுகளிற் பெரியோர் இளந்தாயரை எச்சரிப்பது உண்டு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இதனை ஒட்டிய சோதனை ஒன்று நடத்தப்பட்டு, 1986-இல் வெளியாயிற்று. அதிற் பங்குகொண்ட 99 தாய்மாருள் ஒரு பகுதியினர், குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும், நாள்தோறும் குறைந்தது மூன்று மணி நேரம் கூடுதலாக அதனைத் தூக்கி வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆறாவது வாரத்தில் அக்குழந்தைகள் மற்றவற்றைக் காட்டிலும் 43 விழுக்காடு குறைவாக அழுதன. அழுத பின் தூக்குவது வேறு. அழுமுன்னரே அணைத்திருப்பது வேறு என்பது இதனாற் புலனாகிறது. ஆயினும் இதனை ஒரு மந்திரமாகக் கருதிவிடலாகாது. ஏற்கெனவே ஓயாது அழும் இயல்புள்ள குழந்தைகளிடம் 1991-இல் இத்தகைய சோதனை செய்தபோது அப்பயன் காணப்படவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தாய், தன் அன்பிலோ அணைப்பிலோ குறையுண்டு என்று மனம் கலங்க வேண்டுவதில்லை.

கடைக்கு வந்த துணி

ஏழைகளின் வழக்கம் என்று எண்ணப்பட்டது பின்னர்ச் செல்வ நாடுகளில் விலைப்பொருளாயிற்று. ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற எரிகா ஹாஃப்மன் என்னும் பெண்மணி, இலத்தீன் அமெரிக்க நாட்டு நெய்த துணியொன்றில் தம் பிள்ளையைச் சுமக்கத் தொடங்கினார். கண்டோர் வியந்து தமக்கும் வேண்டும் எனக் கேட்கவே, 1972-இல் அத்தகைய துணிகளை நெய்வித்து விற்கும் நிறுவனம் ஒன்றை நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'டிடிமோஸ்'. கிரேக்க மொழியில் 'இரட்டையர்' என்று பொருள். நம் நாட்டின் திருத்தூதர் எனப் போற்றப்படும் தோமாவுக்கு நற்செய்தி தரும் 'திதிம்' என்ற மறுபெயரும் இச்சொல்லே. இன்று இத்தகைய துணிகள் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்துள்ளன.

கவனிக்க வேண்டியவை

மலைநாட்டுப் பெண் தன் தாயிடம் நேரிற் பயின்றதை, கடையில் துணியை மட்டும் வாங்கிய நாம் அறிந்துவிட்டதாகக் கருதலாகாது. துணித்தொங்கல்களில் குழந்தைகளைச் சுமந்ததால் இருபது ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் எச்சரித்தது. அவற்றுள் 12 குழந்தைகள் நான்கு மாதம் நிறையாதவை. தலை முன்னே கவிழ்ந்து மோவாய் மார்பில் அழுந்தினாலோ, துணி மூக்கையும் வாயையும் மூடினாலோ, சின்னஞ்சிறு குழந்தையால் அதனை விலக்கவும் இயலாது, அழவும் இயலாது.

ஆகவே, கழுத்து நன்கு உறைத்துத் தலை தானே நிற்கும்வரை குழந்தையை முதுகில் கட்டுதல் வேண்டா. அதுவரை கண்முன்னே மார்போடு அணைத்திருப்பதே தகும். எந்நிலையிலும் முகம் மூடப்படாதிருத்தல் வேண்டும். கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டினால் இடுப்பு மூட்டு பிறழக்கூடும். தொடைகள் விரிந்து, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தவளை அமர்வதுபோல் அமைதல் நலம். குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது. நம் வெப்பநாட்டில் கம்பளிப் பொதி ஆகாது. மெல்லிய பருத்தியே ஏற்றது. மோட்டார் சைக்கிளில் செல்லும்போது இத்துணி எவ்வகையிலும் பாதுகாப்பன்று என்பதை இளம்பெற்றோர் மறவாதிருப்பாராக.

யாருடைய முதுகு?

ஆண்டிஸ் தாயின் படத்தை நாட்காட்டியிற் கண்டு, "எத்துணை அழகு!" எனப் பாராட்டிவிட்டுப் போவது எளிது. அந்த முதுகு வலிக்கும் என்பதையும் நாம் நினைக்கவேண்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு கிழங்கு தோண்டுபவள் ஓய்வு கிடைத்தும் அதனை வேண்டாமென்றவள் அல்லள். அவளுக்கு ஓய்வு இல்லை. அதனாலேயே அம்மலையூர்களில் பிள்ளை தாயின் முதுகோடு நின்றுவிடுவதில்லை. பாட்டியின் முதுகுக்கும் அக்காளின் முதுகுக்கும் மாறுகின்றது.

நம் இல்லங்களில் நிலைமை யாது? கூட்டுக் குடும்பம் குறைந்துவிட்டது. வேலைக்குச் சென்று திரும்பும் தாயே சமைக்கவும் துவைக்கவும் பிள்ளையை அமர்த்தவும் வேண்டியிருக்கிறது. அவள் கைகள் ஓயாத நேரத்தில் குழந்தையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது, அழுகை நின்றுவிடுகிறது. ஆனால் கைப்பேசிக்கு உடற்சூடு இல்லை, இதயத்துடிப்பு இல்லை. குழந்தை வேண்டியது வேடிக்கை மட்டுமன்று. தன்னைச் சுமக்கும் ஓர் உடலையும் அது வேண்டி நிற்கிறது.

ஆகையால் இல்லறத்தாரே, எல்லோரும் துணி வாங்குங்கள் என நாம் கூறவில்லை. தந்தையர்க்கே நாம் சிறப்பாகக் கூற விரும்புகிறோம்: பத்து மாதச் சுமையில் உங்களுக்குப் பங்கில்லை, அது இயற்கையின் ஏற்பாடு. அதன் பின்வரும் ஈராண்டுச் சுமையில் பங்குகொள்ள எந்தத் தடையும் இல்லை. மாலையில் வீடு திரும்பியதும் செய்தித்தாளை எடுக்குமுன் பிள்ளையை எடுங்கள். தோளிற் சாத்தி, முற்றத்திலோ தெருவிலோ சற்று நடவுங்கள். அந்த அரைமணி நேரம் உள்ளே அடுப்பருகே நிற்பவளின் முதுகு நிமிரும். பிள்ளையும் உங்கள் நடையையும் மூச்சையும் அறிந்துகொள்ளும்.