உங்கள் ஊர் மனுவிற்கு எக்செல் துணை

வீட்டில் எக்செல் தொகுப்பை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, கல்யாணத்திற்கு வந்த மொய்ப் பட்டியல். பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். அதே கட்டங்களில் உங்கள் ஊரின் தேவையைக் கணக்காக எழுதி, எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஒரு மனுவையும் தயாரிக்கலாம். அது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஊர் பண்ருட்டி நகராட்சியைச் சேர்ந்த திருவதிகை. பணியில் நாள் முழுவதும் டேட்டாவோடுதான் பொழுது போகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் இருக்கும் நண்பர்கள் மனு எழுதித் தரச் சொல்வார்கள். அவர்கள் ஏற்கெனவே கொடுத்த மனுக்களை வாங்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "எங்கள் பகுதியில் குழந்தைகள் அதிகம். அங்கன்வாடி மையம் வெகு தொலைவில் உள்ளது. ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அதிகம் என்றால் எத்தனை? வெகு தொலைவு என்றால் எத்தனை மீட்டர்? இந்த இரண்டிற்கும் மனுவில் பதில் இல்லை. அலுவலர் மனது வைத்தாலும், மேலிடத்திற்கு அவர் எழுதும் குறிப்பில் எண் வேண்டும். அந்த எண்ணை நாமே தந்துவிட்டால் அவர் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கணக்கெடுத்த மாணவர்கள்

இது புதிய யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தனர். இந்த ஆய்வுகள் 1918ல் நூலாக வந்தன. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டு.

அதே ஊரை 1930களில் மீண்டும் கணக்கெடுத்தனர். 1980களின் தொடக்கத்தில், தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்து பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். குகன், ஜோன் மெஞ்சருடன் சேர்ந்து அங்கு ஆய்வு செய்தார். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதே ஊருக்குச் சென்றனர். இவர்களில் ஜெயரஞ்சன் 2021ல் தமிழ்நாடு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஓர் ஊரைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த அனுபவம், ஒரு மாநிலத்தின் திட்டங்களைப் பற்றிப் பேசும் இடத்திற்கு வந்து சேர்ந்தது.

ஒப்பிடாத எண் பேசாது

எண் கிடைத்தால் போதாது, அதை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2022 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவை மாநிலக் கொள்கைக் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், 1,543 பள்ளிகளில் 1,319ல் மாணவர் வருகை கூடியிருந்தது. அதாவது சுமார் 85 சதவீதம். 2023 ஆகஸ்ட் 25ல் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஒப்பிடப்பட்டவை 2022 ஜூன், ஜூலை மாத வருகையும் 2023 ஜனவரி, பிப்ரவரி மாத வருகையும். பள்ளி திறந்த புதிதில் வருகை குறைவாக இருப்பது உண்டு. எனவே கூடியதில் எவ்வளவு உணவினால், எவ்வளவு மாதத்தினால்? திட்டம் இல்லாத பள்ளிகளின் வருகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெளிவாகும்.

அப்படிப்பட்ட ஒப்பீட்டுடன் நடந்த ஆய்வும் தமிழ்நாட்டில் உண்டு. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் அங்கன்வாடி மையங்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றிற்கு மட்டும் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரை அமர்த்தச் செய்தனர். மற்ற மையங்கள் முன்போலவே இயங்கின. பணியாளர் கூடிய மையங்களில் முன்பருவக் கல்விக்கான நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களுக்குப் பின் கணக்கிலும் மொழியிலும் அக்குழந்தைகள் முன்னேறியிருந்தனர். வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அங்கே குறைவாக இருந்தன. இந்த ஆய்வு 2024ல் ஒரு முன்னணிப் பொருளாதார இதழில் வெளியானது.

நாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் குலுக்கல் ஆய்வு நடத்தப் போவதில்லை. நமக்கு எளிதான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. அரசே எழுதி வைத்த அளவுகோல்தான் அது.

முதல் படி: அளவுகோலைத் தேடுங்கள்

ஒவ்வொரு வசதிக்கும் அரசிடம் ஒரு கணக்கு உண்டு. சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் மாதிரி விதிகளின்படி, 1 முதல் 5 வகுப்பு வரை 1 கிலோமீட்டர் நடை தூரத்தில் பள்ளி வேண்டும். 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர்.

அங்கன்வாடிக்கு, 400 முதல் 800 பேர் வரை உள்ள பகுதிக்கு ஒரு மையம். 1,600 வரை இரண்டு, 2,400 வரை மூன்று என்று போகும். இவற்றோடு உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13ல் உணவு உரிமை வழக்கில் தந்த உத்தரவையும் கவனியுங்கள். 6 வயதிற்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், 3 மாதத்திற்குள் மையம் அமைக்க வேண்டும் என்றது அது. ஆக, நமக்குத் தேவையான எண் 40. மனு எழுதும் நாளில் நடப்பில் உள்ள அரசாணையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டேட்டாவை இறக்குங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அரசுத் தளத்தில் 2011ஆம் ஆண்டு கடலூர் மாவட்டக் கையேடும், கிராமவாரி எக்செல் பைல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்தது நடக்கும் என 2025 ஜூனில் அறிவித்தனர். எனவே கிராம அளவிலான முழு விவரத்திற்கு இப்போதும் 2011தான் அடிப்படை.

கிராம வசதிகள் பைலில் ஒவ்வொரு வசதிக்கும் நேராக 1 அல்லது 2 இருக்கும். 1 என்றால் உண்டு, 2 என்றால் இல்லை. இல்லாத இடத்தில் தூரத்தை எழுத்தில் குறித்திருப்பார்கள். ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள், பி என்றால் 5 முதல் 10 வரை, சி என்றால் அதற்கு மேல்.

மூன்றாம் படி: எக்செல்லில் அலசுங்கள்

தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து, டேட்டா டேபில் உள்ள பில்டர் பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். அதில் உங்கள் வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். எண்கள் இருக்கும் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால் அந்த எண் டெக்ஸ்ட்டாகப் பதிவாகியுள்ளது. கூட்டினால் விடை தவறும். அவற்றைத் தேர்ந்தெடுத்து, அருகில் வரும் மஞ்சள் குறியீட்டில் எண்ணாக மாற்றும் கட்டளையைத் தரவும்.

அடுத்து ஒரு புதிய நெட்டு வரிசையில், மக்கள்தொகையை 800ஆல் வகுத்து ரவுண்ட்அப் பங்ஷன் மூலம் முழு எண்ணாக மேலே ஏற்றுங்கள். உதாரணமாக 1,900 பேர் என்றால் 2.375 கிடைக்கும், ரவுண்ட்அப் தருவது 3. அந்த ஊருக்கு மூன்று மையங்கள் வேண்டும். இருப்பது எத்தனை என்பதை அடுத்த வரிசையில் இட்டுக் கழித்தால் பற்றாக்குறை தெரியும்.

இரண்டு பைல்களை இணைக்க விலுக்அப் பயன்படுத்துவோர் ஊர்ப் பெயரைக் கொண்டு இணைக்க வேண்டாம். ஒரே ஊரை ஒரு பைலில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஆறு இலக்க கிராமக் குறியீட்டு எண்ணைக் கொண்டு இணையுங்கள். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமில் இவை அனைத்தையும் இலவசமாகச் செய்யலாம்.

நான்காம் படி: நீங்களே எண்ணுங்கள்

அரசு டேட்டா இரண்டு இடங்களில் நம்மைக் கைவிடும். ஒன்று, அது வருவாய்க் கிராமம் முழுவதற்குமான எண். ஊரின் ஒரு முனையில் அங்கன்வாடி இருந்தால் "உண்டு" என்று 1 விழுந்துவிடும். எங்கள் பகுதி வழியாக விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை செல்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் மையம் என்றால், மூன்று வயதுக் குழந்தையை லாரிகளுக்கு நடுவே அழைத்துச் செல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் அதற்குப் பதிலாகக் குழந்தையை வீட்டிலேயே விட்டுவிடுவார். இது எந்த அரசு பைலிலும் இருக்காது.

இரண்டாவது, சென்சஸில் 0-6 வயது என்றால் 7 வயது நிறையாதவர்கள். அங்கன்வாடிக்கு வேண்டியது 6 வயது நிறையாதவர்கள். சென்சஸ் எண்ணை அப்படியே எழுதினால் கணக்கு கூடுதலாகக் காட்டும். அலுவலர் இதைக் கண்டுபிடித்தால் மனு முழுவதும் சந்தேகத்திற்கு உள்ளாகும்.

எனவே வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஆறு நெட்டு வரிசைகள் போதும்: வீட்டு வரிசை எண், தெரு, குழந்தையின் பிறந்த தேதி, இப்போது மையத்திற்குச் செல்கிறதா, நடை தூரம் மீட்டரில், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா. வயதைக் கேட்க வேண்டாம். மூன்று, நான்கு என்று தோராயமாகச் சொல்வார்கள். தடுப்பூசி அட்டையைப் பார்த்துத் தேதியை எழுதுங்கள். டேட்டிஃப் என்ற பங்ஷன் அதிலிருந்து நிறைந்த வயதைத் தந்துவிடும். டைப் செய்திடும்போது எக்செல் இதனைப் பட்டியலில் காட்டாது. முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் நீங்களே அமைக்க வேண்டும்.

தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்தால் 5/8 என்பதை ஆகஸ்ட் 5 என்று கொள்ளாமல் மே 8 என எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பிரிவு சென்று இந்திய முறைக்கு மாற்றிய பின் வேலையைத் தொடங்குங்கள். ஆம், இல்லை என வரும் இடங்களில் டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியல் அமைத்திடுங்கள். ஒருவர் "ஆம்" என்றும் இன்னொருவர் "ஆமாம்" என்றும் எழுதினால் எக்செல்லுக்கு அவை இரண்டு வெவ்வேறு பதில்கள்.

பின்னர் கவுண்ட்இஃப்ஸ் பங்ஷனில் இரண்டு நிபந்தனைகளைக் கொடுங்கள்: வயது 6க்குக் குறைவு, மையத்திற்குச் செல்வதில்லை. தெருவாரியாக வேண்டும் என்றால் இன்சர்ட் டேபில் பிவட் டேபிள் தேர்ந்தெடுத்து, தெருவை வரிசைப் பகுதிக்கு இழுத்து விடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பத்தியில் கோரிக்கை. இரண்டாவதில் அரசின் அளவுகோல். மூன்றாவதில் உங்கள் எண், எடுத்த தேதி, எடுத்த முறை. கீழே ஐந்து வரிசைக்கு மிகாத ஓர் அட்டவணை. வண்ண வண்ணச் சார்ட் வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாம் கறுப்பாகிவிடும். குழந்தைகளின் பெயர், ஆதார் எண், போன் எண் எதையும் இணைக்காதீர்கள். வீட்டு வரிசை எண் போதும். சரிபார்க்க வருபவர் கேட்டால் மட்டும் மூலப் பட்டியலைக் காட்டுங்கள்.

நண்பர் ஒருவரின் ஊரில் இப்படித் தயாரித்த மனுவைக் கொண்டு போனோம். முன்பு மூன்று முறை கொடுத்தும் ரசீது மட்டுமே கிடைத்திருந்தது. இந்த முறை தாளைப் பார்த்த அலுவலர், "இந்தக் கணக்கை யார் எடுத்தது?" என்றார். அடுத்து, "கட்டடத்திற்கு இடம் இருக்கிறதா?" என்றார். ஊர்க்காரர்களின் பேச்சு அன்றிலிருந்து இடத்தைப் பற்றியதாக மாறிவிட்டது. மையம் வருவதற்கு இன்னும் பல படிகள் உண்டு. ஆனால் "குழந்தைகள் உண்மையிலேயே இருக்கிறார்களா" என்ற கேள்வி அதன்பின் எழவே இல்லை.

மனுவைக் கிராம சபையில் தீர்மானமாக வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். திருவதிகை போல நகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. தேவையான அரசு விவரம் இன்டர்நெட்டில் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. கணக்கெடுத்த பின் 40க்குப் பதில் 31தான் வந்தால்? 31 என்றே எழுதுங்கள். 150 முதல் 400 பேர் உள்ள சிறு குடியிருப்புகளுக்குக் குறு அங்கன்வாடி என்ற ஏற்பாடும் திட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்கலாம். எண்ணைக் கூட்டி எழுதிய ஊரின் அடுத்த மனுவை யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த மனு குடிநீருக்காக இருக்கலாம், மருத்துவமனைக்காக இருக்கலாம். எக்செல் பைலைச் சேமித்து வையுங்கள், அதற்கும் உதவும்.