உயிர் காக்கும் இரப்பர்ப் படலம்

தேனி மாவட்டத்தில், அனுமந்தன்பட்டிச் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். காய்கறி மூட்டைகளை ஏற்றிய லாரிகள் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலையேறிக் கேரளத்துக்குச் செல்வதைக் காணலாம். மலைக்கு அப்பால், கோட்டயம் பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்துள்ளன. அங்கே மரப்பட்டையைக் கீறினால் பால் போன்ற நீர்மம் வடிகிறது. இத்தகைய பாலிலிருந்துதான் லாரியின் கனத்த டயருக்கு வேண்டிய இரப்பரும் கிடைக்கிறது. தாளைவிட மெல்லிய ஆணுறையும் கிடைக்கிறது. டயர் பல டன் பாரத்தைத் தாங்குகிறது. ஆணுறையோ மனித உயிரையே காக்கிறது.

ஆணுறை என்றதும் வகுப்பில் சிலர் தலை குனிவர், சிலர் சிரிப்பர். இரண்டும் தேவையில்லை. இதனை அறியாமல் இருந்ததற்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது.

1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஓர் ஆய்வை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பிரித்தெடுத்த தெளிநீரைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக் காத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது, ஆறு பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் அந்த வைரஸ் இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதற் சான்று.

அதன்பின் வந்த ஆண்டுகளில், கணவரைத் தவிர வேறெவருடனும் உறவு கொள்ளாத பெண்களும் தொற்றுக்கு ஆளாயினர். எனவே இது 'யாரோ சிலருக்கு' வரும் நோய் அன்று. பாதுகாப்பில்லாத உறவின் வழியே எவருக்கும் வரக்கூடியது.

படலம் எவ்வாறு தடுக்கிறது?

எச்.ஐ.வி. வைரசின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. "இவ்வளவு சிறிய வைரஸ் இரப்பரினூடே புகுந்துவிடாதா?" என நீங்கள் கேட்கலாம். வைரஸ் தனியே பறந்து திரிவதில்லை. விந்து, இரத்தம், பிறப்புறுப்பில் சுரக்கும் நீர் ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. பழுதில்லாத இரப்பர்ப் படலம் இந்நீர்மங்களைக் கசிய விடுவதில்லை. ஆகவே வைரசும் கடப்பதில்லை; விந்தணுவும் கடப்பதில்லை. நோய்த்தடுப்பு, கருத்தடை ஆகிய இரண்டும் ஒரே படலத்தால் நிகழ்கின்றன.

படலம் பழுதில்லாதது என்பதை எப்படி அறிவது? இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. இரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பது நமக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஒவ்வோர் ஆணுறையையும் உலோக அச்சில் மாட்டி மின்னழுத்தம் கொடுப்பர். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதன் வழியே மின்னோட்டம் பாயும். அந்த உறை உடனே ஒதுக்கப்படும். மேலும் சில மாதிரிகளில் 300 மில்லிலிட்டர் நீரை ஊற்றிக் கசிவு பார்ப்பர். வேறு சிலவற்றைக் காற்றால் ஊதுவர். பொதுவான அளவுள்ள உறை, உடையாமல் 18 லிட்டர் காற்றையேனும் கொள்ள வேண்டும். ஒரு குடத்தைவிடப் பெரிதாக அது உப்பும்!

இந்திய அரசு 1968ஆம் ஆண்டில் 'நிரோத்' என்ற பெயரில் மலிவு விலை ஆணுறையைப் பரப்பத் தொடங்கியது. மறு ஆண்டில் திருவனந்தபுரத்தில் இந்துஸ்தான் லேடெக்ஸ் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் ஆணுறை விலையின்றியே கிடைக்கிறது.

விதிகளும் காரணங்களும்

நல்ல உறையும் தவறாகப் பயன்படுத்தினால் பயன் தராது. ஒவ்வொரு விதிக்கும் ஓர் அறிவியல் காரணம் உண்டு.

முதலாவது, காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். இரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெப்பமும் ஒளியும் ஆக்சிஜனும் அச்சங்கிலிகளை மெல்லச் சிதைக்கின்றன. வெயிலில் கிடந்த பழைய இரப்பர் வளையம் இழுத்ததும் அறுவது இதனால்தான். எனவே பணப்பையிலோ வண்டிப் பெட்டியிலோ ஆணுறையைப் பல நாள் வைத்திருத்தல் கூடாது.

இரண்டாவது, உறையின் மேற்றாளைக் கையால் கிழிக்க வேண்டும். பல்லோ கத்தரிக்கோலோ கூடாது. நகம் பட்ட சிறு கீறலிலும், நீட்டும்போது தகைவு முழுவதும் குவிந்து, அது பெருங்கிழிசலாகிவிடும்.

மூன்றாவது, உறவு தொடங்கும் முன்பே, விறைத்த உறுப்பின்மீது அணிய வேண்டும். அணியும்போது நுனியை இரு விரலால் அழுத்திக் காற்றை நீக்கிக்கொண்டு, சுருளை அடிவரை அவிழ்க்க வேண்டும். பலூனின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் அடைபட்ட காற்றும் அவ்வாறே புடைத்து, படலத்தைக் கிழித்துவிடலாம்.

நான்காவது, எண்ணெய் படக்கூடாது. எண்ணெய் இரப்பருக்குள் ஊடுருவி, மூலக்கூறுச் சங்கிலிகளை விலக்கி, படலத்தை வலுவிழக்கச் செய்கிறது. கனிம எண்ணெய் ஒரே நிமிடம் பட்டதால் ஆணுறையின் வலிமை ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததை 1989ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேங்காய் எண்ணெய், வாசலின் ஆகியவற்றை விலக்கி, நீர் கலந்து செய்த வழவழப்புப் பசையையே பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணிவது இரட்டைப் பாதுகாப்பு அன்று. இரண்டும் உராய்ந்து கிழிய வாய்ப்புண்டு.

ஆறாவது, விந்து வெளிப்பட்டபின், விறைப்புக் குறையும் முன்பே, விளிம்பைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும். இல்லையேல் உறை தளர்ந்து நழுவும். ஒருமுறை பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இட வேண்டும், மீண்டும் பயன்படுத்தலாகாது.

எவ்வளவு பாதுகாப்பு?

ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 2 பேரே கருவுறுகின்றனர். நடைமுறையில் மறதியும் தவறும் சேர்வதால் இது 13 ஆகிறது. இந்த 2க்கும் 13க்கும் உள்ள இடைவெளி இரப்பரின் குறையன்று, மனிதரின் குறை. உறை மறைக்காத தோலின் வழியே பரவும் அக்கி, பாலுண்ணி போன்ற தொற்றுகளுக்குப் பாதுகாப்புக் குறைவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

உறை கிழிந்துவிட்டால் மறைத்து வைக்கலாகாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருவுறுதலைத் தடுக்கவும் அவசர மாத்திரை உண்டு. அரசு மருத்துவமனையின் 'நம்பிக்கை மைய'த்தில் இரத்தச் சோதனையும் ஆலோசனையும் கட்டணமின்றி, இரகசியமாகக் கிடைக்கின்றன. 1097 என்ற எண்ணில் ஐயங்களைக் கேட்கலாம்.

மாணவர்களே, இவற்றைப் படிப்பதால் இன்றே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. 18 வயது நிறையாதவருடன் உறவு கொள்வது நம் நாட்டில் குற்றம். 'வேண்டாம்' என்று சொல்ல எவருக்கும் எந்த வயதிலும் உரிமை உண்டு. உங்களை எவரேனும் வற்புறுத்தினால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தவறு உங்களுடையது அன்று.

நீச்சலைக் கிணற்றில் விழுந்தபின் கற்க முடியாது. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இப்பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த அறிவும் அத்தகையதே. வெட்கத்தால் கேளாமல் விட்ட ஒரு கேள்வி, பின்னாளில் உங்கள் உயிரோடு உங்களை நம்பி வரும் இன்னோர் உயிரையும் பறிக்கக்கூடும். கேளுங்கள்; அறிந்துகொள்ளுங்கள்.