நீல வீட்டின் அடுக்களை

மெக்சிகோ நகரத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓவியர் ஃப்ரிடா காலோவின் வீட்டைத் தவறவிடுவதில்லை. நீங்களும் போவீர்கள். டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். ‘இரண்டு ஃப்ரிடாக்கள்’ சாபுல்தெபெக் பூங்காவிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொயோவாகான் பகுதியிலுள்ள நீல வீட்டில் பார்க்க வேண்டியது அவர் வாழ்ந்த விதத்தை. அதற்கு நல்ல வாசல் அடுக்களை. அடுக்களை புரிய வேண்டுமானால், தெருவில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்த ஊர்த் தெருவில் டாக்கோ, கெசடியா, டோஸ்டாடா, தமால் என்று எதை வாங்கினாலும் பெரும்பாலும் அடிப்படை மக்காச்சோள மாவுதான். நம் கடைகளில் விற்கிற மாவு அல்ல அது. முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே வகைச் சுண்ணாம்பு. காலையில் மணிகளைக் கையில் அள்ளித் தேய்த்தால் தோல் வழுவழுவென்று கழன்று வரும். கழுவி, ஈரம் காயாமல் அரைத்தால் பிடித்த பிடிக்கு நிற்கிற மாவு கிடைக்கும். சுண்ணாம்பு படாத சோளத்தை எவ்வளவு நைசாக அரைத்தாலும் தட்டும்போது விண்டுபோகும்.

மாவு பிடிப்பது மட்டுமல்ல. சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து, உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பை அவிழ்ப்பது சுண்ணாம்பு. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். வட இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நியாசின் குறைபாட்டு நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவை யாரும் கேட்டு வாங்கிப் போகவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சொந்த நாட்டிலேயே அந்தச் சோளத்துக்கு மதிப்பில்லாத காலம் ஒன்று இருந்தது. 1910-இல் புரட்சி வெடிக்கும்வரை மெக்சிகோவின் மேல்தட்டு பிரான்ஸைப் பார்த்து உடுத்தியது. கோதுமை ரொட்டியை நாகரிகம் என்றும், சோளத்தைப் பழங்குடிகளின் தீனி என்றும் நினைத்தது. புரட்சிக்குப் பிந்தைய கலைஞர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். ஃப்ரிடாவும் அவர் கணவர் தியேகோ ரிவேராவும் அந்தக் கூட்டத்தில் முன்னே நின்றவர்கள்.

இப்போது அடுக்களைக்குள் வாருங்கள். நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்த விறகடுப்பு மேடை. அதன்மேல் பெரிய மண்சட்டிகள். பிள்ளைகளைச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: விரல் நுனி அளவு மண்கலயங்களை வரிசையாக ஒட்டி, ‘ஃப்ரிடா’, ‘தியேகோ’ என்று எழுதியிருக்கும். கிராமத்துக் குயவர் செய்ததை வீட்டின் பெருமையாக்கிய அடுக்களை அது. பழங்குடிப் பெண்களைப் போல ஃப்ரிடா கட்டிய நீண்ட தெஹுவானா பாவாடையும் அதே மனதிலிருந்து வந்ததுதான். போலியோவில் மெலிந்த காலை அது மறைத்தது என்பதும் உண்மை.

படுக்கையறையில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், மழுப்ப வேண்டாம். 1925-இல், 18 வயதில், அவர் போன பஸ்மேல் டிராம் மோதியது. கைப்பிடிக் கம்பி இடுப்பைத் துளைத்தது. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவருக்கு அம்மா படுத்தபடி வரைவதற்கான பலகை செய்வித்துக் கொடுத்தார். கட்டிலின் மேற்கூரையில் கண்ணாடி பொருத்தினார்கள். அண்ணாந்தால் தெரிந்தது சொந்த முகம். தன்னையே இத்தனை முறை வரைந்தவரைப் பற்றிய கேள்விக்கு அந்தக் கட்டிலே பாதி பதில். முதுகைத் தாங்கப் போட்ட பிளாஸ்டர் கவசங்களையும் வரைந்து வைத்திருக்கிறார். 1907-இல் பிறந்தவர், 1954-இல் இதே வீட்டில் இறந்தார். 1958-இல் வீடு அருங்காட்சியகமானது. ரிவேரா பூட்டி வைக்கச் சொன்ன குளியலறை 2004-இல்தான் திறந்தது. பெட்டி பெட்டியாக உடைகள் வெளியே வந்தன.

நுழைவுச்சீட்டை ஆன்லைனில் நேரம் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை விடுமுறை. ஊர் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில், 2,240 மீட்டரில் இருப்பதால் முதல் நாள் மூச்சு வாங்கும், பிள்ளைகளை மெதுவாக நடக்க விடுங்கள்.

வெளியே வந்து கொயோவாகான் சந்தைக்கு நடந்தே போகலாம். சைவம் என்றால் பூசணிப்பூ வைத்த கெசடியா கேளுங்கள். சீஸ் வேண்டுமென்று தனியாகச் சொல்லுங்கள், அந்த ஊரில் சீஸ் இல்லாமலும் கொடுப்பார்கள். தமாலிலும் மசித்த பயறிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், விசாரித்து வாங்குங்கள். பிள்ளைகளுக்கு எஸ்கிதேஸ் பிடிக்கும்: வெந்த சோளமுத்துக்களைக் கப்பில் அள்ளி, மயோனைஸ், உப்புச் சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை போட்டுத் தருவார்கள். பச்சை சல்சா, சிவப்பு சல்சா இரண்டில் எது காரம் என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். நமக்கு மிளகாயைக் கொடுத்ததே அமெரிக்கக் கண்டம்தான். நோபால் கிடைத்தால் விடாதீர்கள். நம் வேலியில் நிற்கிற சப்பாத்திக்கள்ளியின் சொந்தக்காரச் செடி. முள்ளைச் சீவி, கல்லில் வாட்டி, வெங்காயத்தோடு தருகிறார்கள். லேசான புளிப்போடு வெண்டைக்காய்போல் வழவழக்கும்.