கிட்டின் உள்ளே ஒளிந்திருந்த 20

2017 பிப்ரவரி 23 அன்று கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையமும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. இரண்டின் உள்ளடக்கமும் வேறு. ஆனால் ஷா-1 என்ற கணக்கு முறை இரண்டுக்கும் ஒரே கைரேகையைக் கொடுத்தது. அறிவிப்பு வந்த சூட்டோடு, வெப்கிட் என்ற உலாவி எஞ்சினின் களஞ்சியத்தில் சோதனைக்காக இந்தக் கோப்புகள் சேர்க்கப்பட்டன. ஷா-1ஐ நம்பியிருந்த சப்வெர்ஷன் மென்பொருளில் இயங்கிவந்த அந்தக் களஞ்சியம் முடங்கிப்போனது.

ஷா-1ஐ இன்னும் ஆழமாக நம்பியிருந்த மென்பொருள் கிட். லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோருக்கு, நிரலின் வரலாற்றைக் காக்கும் பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி பறிபோனபோது, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்கு வந்தது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற வரலாற்றைக் காப்பதுதான் இதன் வேலை. இன்று உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் நம்பியிருக்கும் கருவி இது.

கிட்டின் அடித்தளம் எளிமையானது. கோப்பின் உள்ளடக்கம் ஒரு 'பிளாப்'. எந்தெந்தக் கோப்புகள் ஒரு அடைவில் உள்ளன என்ற பட்டியல் ஒரு 'ட்ரீ'. யார், எப்போது, எதற்காகச் சேமித்தார் என்ற குறிப்பு ஒரு 'கமிட்'. ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 40 இலக்கக் கைரேகைதான் பெயர். ஒரு கமிட் தனக்கு முந்தைய கமிட்டின் கைரேகையையும் சுமந்திருக்கும். அதனால் பழைய கோப்பு ஒன்றில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், அதற்குப் பின்வந்த கமிட்டுகள் அனைத்தின் பெயரும் மாறிவிடும்.

உள்ளடக்கத்துக்கு முன்னால் அதன் வகையையும் நீளத்தையும் சேர்த்த பிறகே கிட் கைரேகை எடுக்கிறது. அதனால் அந்த இரண்டு பிடிஎஃப்களும் கிட்டுக்குள் மோதவில்லை. 2017 மே மாதம் வந்த கிட்டின் 2.13 பதிப்பு, இத்தகைய தாக்குதலின் அடையாளத்தைக் கண்டுபிடித்து மறுக்கும் ஷா-1ஐ இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது. ஆனாலும் நிரந்தரத் தீர்வு வேறு கணக்கு முறைக்கு மாறுவதுதான். தேர்வானது ஷா-256.

சிக்கல் அங்கேதான் வெளிப்பட்டது. ஷா-1இன் விடை 20 பைட். ஷா-256இன் விடை 32 பைட். கிட்டின் சி மொழி நிரலில் 20, 40 என்ற எண்கள் எங்கெங்கோ நேரடியாக எழுதப்பட்டிருந்தன. எந்த 20 கைரேகையின் நீளம், எந்த 20 வேறு கணக்கு என்பதை ஆள் படித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. எனவே வெறும் பைட் வரிசைகளாக இருந்தவற்றுக்கு 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற தனி அமைப்பு கொடுக்கப்பட்டது. நீளத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது ஒரே இடத்தின் பொறுப்பானது. சிறு சிறு திருத்தங்களாகப் பல ஆண்டுகள் நடந்த இந்த வேலையால் பயனருக்குப் புதிய வசதி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இது இல்லாமல், 2020 அக்டோபரில் 2.29 பதிப்பு ஷா-256 களஞ்சியங்களைச் சோதனை முறையில் ஏற்றிருக்க முடியாது.

இத்தனை இடத்தில் கைவைத்தும் எதுவும் உடையவில்லை என்று எப்படித் தெரியும்? கிட்டின் மூல நிரலில் 't' என்ற ஓரெழுத்து அடைவு இருக்கிறது. அதில் ஷெல் மொழியில் எழுதிய சோதனைக் கோப்புகள் ஏறத்தாழ ஆயிரம். ஒவ்வொன்றும் ஒரு தற்காலிகக் களஞ்சியத்தை உருவாக்கி, கிட் கட்டளைகளை உண்மையாகவே ஓட்டி, வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுகிறது. இன்னும் சரிசெய்யப்படாத பிழைகளுக்கும், 'இது தோற்கும்' என்ற குறிப்போடு சோதனைகள் உண்டு. சோதனைக் கோப்புகளிலேயே ஷா-1 விடைகள் நேரடியாக எழுதப்பட்டிருந்ததால் அவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. இப்போது ஒரு சூழல் மாறியை மாற்றினால் போதும், அதே சோதனைகள் முழுவதும் ஷா-256இல் ஓடும்.

கிட்டின் பழைய இணைப்பு எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தவும் இதே சோதனைகள்தான் உதவின. தனித்தனியே வளர்ந்த இரண்டு வரலாற்றுக் கிளைகளை இணைக்கும் பழைய நிரல், கணக்கிடும்போதே பயனரின் கோப்புகளிலும் கைவைத்தது. பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பிரித்தறிவது கடினம். எலைஜா நியூரென் எழுதிய 'ஆர்ட்' என்ற புதிய முறை, இணைப்பு முழுவதையும் முதலில் நினைவகத்திலேயே கணக்கிட்டு முடிக்கிறது. அதன் பிறகே கோப்புகளைத் தொடுகிறது. பழையதையும் புதியதையும் ஒரே சோதனைகள் அளந்தன. 2021 நவம்பரில், 2.34 பதிப்பில், புதியது இயல்பு முறையானது. 2025இல் வந்த 2.50 பதிப்பில் பழைய நிரல் அடியோடு நீக்கப்பட்டது.

ஷெல் சோதனைகள் கருவியை வெளியிலிருந்து பார்ப்பவை. உள்ளே இருக்கும் ஒரு சிறு செயற்கூறை மட்டும் தனியே சோதிக்க அவை தோதானவை அல்ல. ஒவ்வொரு கட்டளைக்கும் புதிய செயல்முறை தொடங்குவதால் விண்டோஸில் மெதுவாகவும் ஓடும். அதனால் 2024 பிப்ரவரியின் 2.44 பதிப்பிலிருந்து சி மொழியிலேயே அலகுச் சோதனைகள் எழுதப்படுகின்றன. இன்னொரு பழைய குறையும் இருந்தது. கிட் கட்டளைகள் நொடியில் முடிந்துவிடுபவை என்பதால், எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத இடங்களை நெடுங்காலம் யாரும் பெரிதாக எண்ணவில்லை. கிட்டின் பகுதிகளை நூலகமாக்கி வேறு மென்பொருள்களுக்குள் வைக்க வேண்டுமானால் இந்த நினைவகக் கசிவு கூடாது. 2025 ஜனவரியில் வெளிவந்த 2.48 பதிப்போடு, சோதனைத் தொகுப்பு முழுவதும் கசிவின்றி ஓடும் நிலைக்கு வந்தது.

வரவிருக்கும் 3.0 பதிப்பில், புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களுக்கு ஷா-256ஐயே இயல்பு முறையாக்கும் திட்டம் இருக்கிறது. ஷா-1 களஞ்சியமும் ஷா-256 களஞ்சியமும் ஒன்றோடொன்று தடையின்றிக் கமிட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் வசதிக்காக இன்னும் எழுதவேண்டிய நிரலும், அதைச் சோதிக்கவேண்டிய கோப்புகளும் பாக்கி இருக்கின்றன.