பாவமும் கிருபையும்: எமது கிறிஸ்தவ அயலவர் உண்மையில் எதை நம்புகிறார்கள்?

எமது பாடசாலைகளில் சமய பாட வேளை வந்ததும் ஒரே வகுப்பு மாணவர்கள் பிரிந்து வெவ்வேறு வகுப்பறைகளுக்குச் செல்வார்கள். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் எனச் சமய பாடங்கள் தனித்தனியாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தனது மார்க்கத்தைக் கற்பது அவசியமே. ஆனால் பக்கத்து வாங்கில் இருக்கும் நண்பன் எதை நம்புகிறான் என்பதை அறியாமலே சாதாரண தரம் முடித்து வெளியேறும் பிள்ளைகளே அதிகம் என்பது ஆசிரியர்களாகிய எமக்குத் தெரியும்.

அந்த வெற்றிடத்தைச் செவிவழிக் கதைகள் நிரப்பிவிடுகின்றன. “கிறிஸ்தவர்கள் எந்தப் பாவத்தையும் செய்யலாம், அதை இயேசு சுமந்துவிட்டார் என்பதுதான் அவர்களது கொள்கை” என்று எம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். “முஸ்லிம்கள் நன்மைகளை எண்ணி எண்ணிச் சேர்த்து சுவர்க்கத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள்” என்று அந்தப் பக்கத்திலும் சிலர் சொல்வதுண்டு. இரண்டுமே பிழையானவை. கிருலப்பனை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் ஒரே மதிலின் இரு பக்கங்களிலும் வாழும் நாம், எமக்கிடையிலான வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக அறிந்திருப்பது நல்லது.

ஆதம் (அலை) அவர்களில் பிரியும் பாதை

ஆதம் (அலை) அவர்கள் தடுக்கப்பட்ட மரத்தை நெருங்கியதை இரு சமயத்தவரும் ஏற்கிறோம். அதற்குப் பின்னர் நடந்ததில்தான் வேறுபடுகிறோம். அல்குர்ஆனின்படி அவர்கள் தவ்பாச் செய்தார்கள், அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டான். விடயம் அத்துடன் முடிந்தது. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது.

கிறிஸ்தவப் போதனை வேறு. முதல் மனிதரின் கீழ்ப்படியாமை மனித இயல்பையே காயப்படுத்திவிட்டது என்கிறது. இதையே ஆதிப்பாவம் அல்லது ஜென்மப்பாவம் என்பார்கள். பவுல் உரோமருக்கு எழுதிய கடிதத்தில் இதன் அடிப்படை இருக்கிறது. இன்றைய அல்ஜீரியாவில் வாழ்ந்த அகுஸ்தீன் (354–430) அதை விரிவான கோட்பாடாக்கினார். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். குழந்தை தானே அந்தப் பாவத்தைச் செய்ததாகக் கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதில்லை. அது ஒரு செயல் அல்ல, பிறப்போடு வரும் ஒரு நிலை என்கிறது. கிழக்கத்திய ஓர்த்தடொக்ஸ் திருச்சபைகள், நாம் ஆதாமிடமிருந்து பெறுவது குற்றத்தை அல்ல, மரணத்தையும் பலவீனத்தையுமே என்று விளக்குகின்றன.

ஓர் உதாரணம் சொல்லலாம். இஸ்லாமியப் பார்வையில் பாவி என்பவன் வழிதவறியவன். அவனுக்கு வேண்டியது நேர்வழி. அவன் திரும்பினால் அல்லாஹ்வின் வாசல் திறந்தே இருக்கிறது. கிறிஸ்தவப் பார்வையில் பாவி கிணற்றில் விழுந்தவன். அவனுக்கு வழி தெரிந்தாலும் பயனில்லை, மேலே இருந்து ஒருவர் தூக்கிவிட வேண்டும். இயேசுவின் சிலுவை மரணமும் உயிர்ப்பும் அந்தத் தூக்கிவிடுதல் என்பது அவர்களது விசுவாசம். அதற்கு மனிதன் எந்தத் தகுதியும் பெற்றிருக்கவில்லை, அது இலவசமாகக் கிடைத்தது என்பதால் அதை ‘கிருபை’ என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் ‘அருள்’ என்ற சொல்லைப் பாவிப்பார்கள். புரட்டஸ்தாந்தர்களின் ‘இரட்சிப்பு’, கத்தோலிக்கர்களிடம் ‘மீட்பு’.

நற்செயலுக்கு இடமில்லையா?

எல்லாம் இலவசம் என்றால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா? இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் நாமல்ல. பவுலே அதே கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் இதைக் கேட்டு, கூடவே கூடாது என்று பதிலளிக்கிறார். செயலில்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் கடிதம் தரும் போதனை. மரம் நல்லதானால் கனி வரும் என்பதே அவர்களது வாதம். கனியால் மரம் நல்லதாகிவிடாது, ஆனால் கனி இல்லாவிட்டால் மரத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

விசுவாசத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை எப்படிச் சொல்வது என்பதில் கிறிஸ்தவர்களே பிளவுபட்டார்கள். 1517இல் ஜேர்மனியில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கம், விசுவாசத்தால் மட்டுமே மனிதன் இறைவன்முன் நீதிமானாக்கப்படுகிறான் என்றது. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை, அருளே தொடக்கம், ஆயினும் மனிதன் அதனுடன் ஒத்துழைக்க வேண்டும் என்று பதிலளித்தது.

அந்தப் பிளவின் அடையாளங்களை எமது கொழும்பிலேயே பார்க்கலாம். ஒல்லாந்த சீர்திருத்த சபையினர் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயமும், கத்தோலிக்கர்களின் புனித லூசியா பேராலயமும் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நடைதூரத்தில் இருக்கின்றன. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த ஜோசப் வாஸ் அடிகளார் மறைந்திருந்தே பணி செய்ய வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்த கண்டி இராசதானியே அவருக்கும் இடம் தந்தது. 1999 ஒக்டோபர் 31இல்தான் லூதரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் இவ்விடயத்தில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கைச்சாத்திட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள்.

மன்னிப்பும் நீதியும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மற்றும் கொழும்பு ஹோட்டல்களில் நடந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எமது சமூகத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் செய்த அந்தக் கொடூரத்தின் பின்னர், முஸ்லிம்களைத் தாக்க வேண்டாம் எனக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டதை நாம் மறக்க முடியாது. அடுத்த வருட உயிர்த்த ஞாயிறு மறையுரையில் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அதே அவர்தான் சூத்திரதாரிகள் யார் என்ற உண்மை வெளிவர வேண்டும் என்று தொடர்ந்து குரல் கொடுத்தும் வருகிறார்.

இது முரண்பாடல்ல. இறைவன் தகுதி பாராமல் தம்மை மன்னித்ததாக நம்புபவர், பிறரையும் அப்படியே மன்னிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் மன்னிப்பு நீதியை இல்லாமலாக்காது. பாவசங்கீர்த்தனம் செய்யும் கத்தோலிக்கரும் களவெடுத்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே போதிக்கப்படுகிறார். அடியார்களுக்குச் செய்த அநியாயத்துக்கு தவ்பா மட்டும் போதாது, அவர்களது உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று படித்த எமக்கு இது விளங்காத விடயமல்ல.

எமது நிலைப்பாடு

யாரும் தனது அமல்களால் மட்டும் சுவர்க்கம் நுழைய முடியாது, அல்லாஹ்வின் ரஹ்மத் சூழ்ந்துகொண்டால் அன்றி நானும் நுழைய முடியாது என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் ஸஹீஹான ஹதீஸ் உள்ளது. எனவே “அவர்களிடம் கிருபை, எம்மிடம் கணக்கு” என்று பிரிப்பது எமது மார்க்கத்துக்கும் நியாயமல்ல. இறையருள் இன்றி ஈடேற்றம் இல்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறோம்.

அந்த அருள் எப்படி வருகிறது என்பதில்தான் வேறுபடுகிறோம். மன்னிப்பதற்கு அல்லாஹ்வுக்கு எவரது பலியும் இடைத்தரகும் தேவையில்லை என்பது எமது ஈமான். ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் கொல்லப்படவில்லை என்று அல்குர்ஆன் தெளிவாகச் சொல்கிறது. கிறிஸ்தவருக்கோ அந்தச் சிலுவையே விசுவாசத்தின் மையம். இந்த வேறுபாட்டை நாகரிகத்துக்காக மறைக்கத் தேவையில்லை, சண்டைக்காகப் பெரிதாக்கவும் தேவையில்லை.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு கூட எம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது ஸூரா அல்மாஇதாவின் கட்டளை. பிறர் நம்பாததை அவர்கள் நம்புவதாகச் சொல்வதும் அநீதிதான். எமது பிள்ளை கிறிஸ்தவ நண்பனின் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால், அந்த நண்பன் கேட்டு “ஆம், நாங்கள் அப்படித்தான் நம்புகிறோம்” என்று ஒத்துக்கொள்ளக்கூடிய பதிலை முதலில் சொல்லுவோம். நாம் எங்கே உடன்படவில்லை என்பதை அதன் பின்னர் சொல்லிக் கொடுப்போம்.